பெட்டிச் சாவியும் நெற்றிக் குறியும்

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்கு அவருடைய காங்கிரஸ் கட்சியிலேயே சிலர் சூட்டிய பட்டப்பெயர் ஒன்று உண்டு: 'தாடியில்லாத ராமசாமி நாயக்கர்'. பெரியாரைக் கதர்ச் சட்டைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார் என்பது அதன் அர்த்தம். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ல் பிறந்தவர். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணப் பிரதமர். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். ரமண மகரிஷியிடம் பக்தி, வள்ளலாரிடம் அதைவிடப் பற்று. பதவி போனதும் வடலூருக்குப் போய், பள்ளியும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு விடுதியும் நடத்தி, 1970-ல் காலமானார். இப்படிப்பட்ட மனிதரை நாத்திகர் கணக்கில் சேர்க்க எப்படி வாய் வந்தது? வகுப்புவாரி உத்தரவைத் திருத்தினார். மடங்களிடம் வரவுசெலவு கேட்டார். அவ்வளவுதான்.

கணக்குக் கேட்கிறவனிடம் 'நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய்?' என்று திருப்பிக் கேட்பது நமக்குப் பழகிப்போன தற்காப்பு. அதன் மறுபக்கமும் அதே அளவு பழையது: நம் சாமியைக் கும்பிடுகிறவன் கையில் சாவி இருந்தால் கணக்கே கேட்க வேண்டாம் என்று இருந்துவிடுவது. 2025-ன் வக்ஃப் திருத்தச் சட்டம், மாநில வக்ஃப் வாரியத்தின் தலைமைச் செயல் அலுவலர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவில், இயன்றவரை முஸ்லிம் ஒருவரையே அப்பதவிக்கு நியமிக்க முயல வேண்டும் என்றது. இங்கே தமிழ்நாட்டில் 1959-ன் இந்து சமய அறநிலையச் சட்டம், ஆணையர் முதல் கடைநிலை ஊழியர் வரை இந்து மதத்தைப் பின்பற்றுகிறவராக இருக்க வேண்டும் என்கிறது. மதம் மாறினால் வேலையும் போய்விடும். ஒரு சட்டத்தை ஆதரிக்கிறவர் இன்னொன்றை எதிர்க்கிறார். இரண்டிலும் வாதங்கள் அப்படியே இடம்மாறி உட்கார்ந்துகொள்கின்றன. பணத்தைக் காப்பவரின் மதத்தைக் கேட்டு நியமித்தால் பணம் பத்திரமாக இருக்குமா என்ற கேள்வியை மட்டும் இரு தரப்பும் கேட்பதில்லை.

அதைக் கேட்டுப் பார்ப்பதற்கு ஏற்ற இடம், திண்டிவனத்துக்காரர்கள் துணி எடுக்கவும் வைத்தியம் பார்க்கவும் சட்டென்று பஸ் ஏறிப் போய்வருகிற புதுச்சேரி. 300 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பதவிக்கு மதம் பார்த்தே ஆள் தேடினார்கள்.

பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி என்பது இன்றைய நிதிச் செயலர் பதவிக்குச் சமானம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கம்பெனியின் பணம் அவர் கை வழியாகத்தான் ஓடியது. நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் முன்பணம் கொடுத்துத் துணி கொள்முதல் செய்வது, கப்பல் வரத் தாமதமானால் உள்ளூரில் கடன் புரட்டுவது, பக்கத்துப் பாளையத்தாரோடும் நவாபின் ஆட்களோடும் பேரம் பேசுவது, ஊர்த் தமிழர்களுக்குத் தலைவராக நின்று வழக்குத் தீர்ப்பது எல்லாம் அவர் வேலை. 1708-ல் இந்தப் பதவியில் நைனியப்ப பிள்ளை அமர்த்தப்பட்டார். அதுவரை அதை வகித்தது ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். சேசு சபைக் குருமார்களுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. கிறிஸ்தவ அரசரின் கம்பெனியில் ஒரு இந்து இத்தனை அதிகாரத்தோடு இருந்தால் ஊர்க்காரர்கள் ஏன் ஞானஸ்நானம் பெறப்போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். மதம் மாறட்டும், இல்லாவிட்டால் ஒரு கிறிஸ்தவரைப் போடுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் நெருக்கினார்கள்.

நைனியப்பர் மாறவில்லை. ஆனால் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். ஏழைகளுக்குச் சோறு போடும்போது, வந்தவர்களில் கிறிஸ்தவர்களுக்கு ஜெபமாலைகளும் கொடுத்தார். ஜெபமாலை கொடுத்ததற்கு எந்தப் பாதிரியார் கோபப்படுவார் என்று நமக்குத் தோன்றும். அவர்கள் கோபப்பட்டார்கள். ஒரு 'அஞ்ஞானி' கையிலிருந்து ஜெபமாலை வருவது, கிறிஸ்தவ ஏழைகளுக்கும் அவர்தான் புரவலர் என்று ஊருக்குக் காட்டுவதல்லவா! ஆட்சேபம் சாமியைப் பற்றியதே அல்ல, செல்வாக்கைப் பற்றியது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

1716 பிப்ரவரியில் ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்தார். இதே எபேர்தான் முன்பு தம் பதவிக் காலத்தில் நைனியப்பரைத் தாங்கிப் பிடித்தவர். இடையில் பதவி பறிபோய், பிரான்சு போய்த் திரும்பிவந்தபோது, சேசு சபையாரின் தயவு அவருக்குத் தேவைப்பட்டது. கொடுங்கோன்மை, ராஜ துரோகம் என்று குற்றச்சாட்டு. விசாரணை நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அது போர்ச்சுகீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்து, பிரெஞ்சில் எழுதப்பட்டது. தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த வாக்குமூலத்தின் அடியில் சாட்சிகள் தமிழில் கையெழுத்திட்டார்கள். மொழிபெயர்த்தவர் சேசு சபையாரின் உபதேசியாருடைய மகன். தீர்ப்பு: கடைவீதியில் ஊர் பார்க்க 50 சவுக்கடி, மூன்று ஆண்டு சிறை, அபராதம், சொத்துப் பறிமுதல். 1717 ஆகஸ்டில் நைனியப்பர் சிறையிலேயே இறந்துபோனார்.

அவர் கம்பெனிப் பணத்தில் கை வைத்தாரா? வைத்திருக்கவும் கூடும். அந்தக் காலத்துத் துபாஷிகள் சம்பளத்தில் பிழைத்தவர்கள் அல்லர். தரகும் சொந்த வியாபாரமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடந்தன. கம்பெனியின் பிரெஞ்சு அதிகாரிகளே அப்படித்தான் சம்பாதித்தார்கள். ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற விசாரணை நடக்கவில்லை. சாமியைப் பார்த்துத் தொடங்கிய வழக்கு, சாமியைப் பார்த்தே முடிந்தது. பிரான்சுக்கு மேல்முறையீடு போய் 1719-ல் தீர்ப்பு ரத்தாயிற்று. செத்தவருக்கு அதனால் என்ன பயன்?

இதற்குப் பின்தான் கதையே. நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை நியாயம் கேட்டுக் கப்பலேறிப் பிரான்சு போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். செயிண்ட் மைக்கேல் அணியின் செவாலியர் பட்டத்தோடு திரும்பிவந்து 1722-ல் தலைமைத் துபாஷி ஆனார். அப்பாவைச் சிறைக்கு அனுப்பிய நிபந்தனையை மகன் நிறைவேற்றிக் காட்டினார் என்று சொல்லலாம். அவர்கள் ஆயுதத்தையே பிடுங்கிக்கொண்டார் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. செவாலியராக வந்து நின்றவரை மதம் காட்டி யாரால் அசைக்க முடியும்? ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1724-ல், இறந்துவிட்டார். பதவி மறுபடி கத்தோலிக்கரான கனகராய முதலியாருக்குப் போயிற்று. 1746-ல் சாகும்வரை அவர்தான். இறந்துபோன மகன் நினைவாக ஒழுகரையில் மாதாகோயில் ஒன்று கட்டி, 1745-ல் எல்லாச் சாதியாரையும் அழைத்துப் பெரிய விருந்து வைத்தார். அந்த விருந்தைப் பற்றி நாட்குறிப்பில் எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பேனாவில் பொறாமை கொஞ்சம் கசிந்திருக்கிறது.

ஆனந்தரங்கர் நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன். ஆளுநர் துப்ளேயின் மனைவிக்குக் கிறிஸ்தவர் ஒருவரை நியமிக்க ஆசை. ஆனாலும் 1747-ல் பதவி இவருக்கே வந்தது. நம்மவர், கோயிலுக்குப் போகிறவர், சாவியும் இப்போது அவரிடம். அடுத்த ஆண்டு செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊரின் தலைமைத் தமிழர், ஆளுநரின் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தவர், நாட்குறிப்பில் வருந்தி எழுதத்தான் முடிந்தது. சொந்த மதத்துக்காரர் நிதிப் பெட்டியருகே இருந்தால் கோயிலுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அந்த மாதத்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஜெபமாலை கொடுத்த இந்து சிறையில் செத்தார். சிவன் கோயில் இடிந்தபோது வைணவக் குடும்பத்துத் துபாஷி பார்த்துக்கொண்டிருந்தார். மதம் பார்த்து ஆள் போட்ட 40 ஆண்டுகளில் புதுச்சேரிக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் ஒரு வரியாவது திருந்தியதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு அதற்குச் சற்று முன்பு கோல்கொண்டாவில் இருந்தது. ஷியா முஸ்லிம் சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவின் நிதியும் நிர்வாகமும் மாதண்ணா, அக்கண்ணா என்ற பிராமணச் சகோதரர்கள் கையில். நம் பக்கத்துச் செஞ்சிக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு: 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடிக்கத் தெற்கே வந்தபோது, கோல்கொண்டாவோடு அவருக்கு ஏற்பட்ட உடன்படிக்கையைப் பேசி முடித்தவர் மாதண்ணா. ஔரங்கசீப்புக்கு இது உறுத்தலாகவே இருந்தது. ஒரு முஸ்லிம் அரசின் பெட்டிச் சாவி இந்துவிடமா? 1686-ல் மொகலாயப் படை நெருங்கிய கலவரத்தில் இரு சகோதரர்களும் கொல்லப்பட்டார்கள்.

இவர்களின் உறவினர் என்று சொல்லப்படுபவர்தான் பத்ராசலம் ராமதாசர், தாசில்தார் கஞ்சர்ல கோபண்ணா. வசூலித்த அரசுப் பணத்தை எடுத்து ராமர் கோயில் கட்டினார் என்று கோல்கொண்டாக் கோட்டையில் அடைக்கப்பட்டார். நம் மாணிக்கவாசகர் கதையும் இதுதானே: குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணம் திருப்பெருந்துறையில் கோயிலாகிவிட்டது. இன்றைய தணிக்கை அலுவலர் ஒருவர் இந்த இரண்டு கோப்புகளையும் பார்த்தால் என்ன எழுதுவார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கதைகளைச் சொன்ன மக்கள் நாம் நினைக்கிற அளவுக்கு அப்பாவிகள் அல்லர். பக்தன் செய்தான், விட்டுவிடுங்கள் என்று கதையை அவர்கள் முடிக்கவில்லை. ராமரும் லட்சுமணரும் நள்ளிரவில் தானா ஷாவிடம் போகிறார்கள், பாக்கித் தொகை முழுவதையும் எண்ணிக் கொடுக்கிறார்கள், ரசீதும் வாங்கிக்கொள்கிறார்கள். சிவனே குதிரைச் சேவகனாக வந்து குதிரைகளை ஒப்படைக்கிறார். அவை இரவில் நரிகளாகிவிடவே, அடியார் மறுபடி அடிபடுகிறார். பக்தி பெரிதுதான், ஆனாலும் கஜானாப் பணம் கஜானாவுக்கு வந்து சேர வேண்டும், ரசீதும் வேண்டும் என்று கதை சொன்னவனுக்கே தெரிந்திருக்கிறது.

சுதந்திரத்தை ஒட்டிய டெல்லிக்கு வருவோம். இடைக்கால அரசில் நிதியைக் கையில் வைத்திருந்த லியாகத் அலி கான் 1947 பிப்ரவரியில் தாக்கல் செய்த பட்ஜெட், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வணிக லாபத்துக்கு 25 விழுக்காடு வரி போட்டது. முஸ்லிம் லீக் மந்திரி இந்து முதலாளிகளைக் குறிவைக்கிறார் என்று குரல் எழுந்தது. போரில் கொழுத்த லாபத்துக்கு வரி போடுவது சரியா தவறா என்று பேசியிருந்தால் அது பட்ஜெட் விவாதம். போட்டவரின் மதத்தைப் பேசியதால் அது வேறொன்றாகிவிட்டது. அடுத்து வந்தவர் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார். மதத்தில் யாரும் குறை சொல்ல முடியாத அவர் 1948-ல் பதவி விலகியது, வருமான வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட சிக்கலில். மூன்றாவதாக வந்தவர் ஜான் மத்தாய், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர். குடியரசின் முதல் பட்ஜெட்டை 1950-ல் அவர் வாசித்தபோது, அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பது பேச்சாகவில்லை. அந்த ஆண்டே அவர் விலகியது திட்டக் குழுவுக்கு மிதமிஞ்சிய அதிகாரம் போகிறது என்று நேருவோடு முரண்பட்டு. பிரிவினை ரத்தம் காய்வதற்குள் அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு நிதானம் வந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மறுபடி ஓமந்தூராரிடம் வருகிறேன். மதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வா என்று சொல்வது எளிது. ஓமந்தூரார் அப்படி விட்டுவிட்டு வந்தவர் அல்லர். படித்தது திண்டிவனத்தில் அமெரிக்க மிஷனரிகளின் வால்டர் ஸ்கடர் பள்ளியில். வளர்ந்த வட்டாரமோ கலவையானது: மயிலத்தில் முருகன் கோயிலை நடத்துவது வீரசைவ மடமான பொம்மபுர ஆதீனம், மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம், செஞ்சியில் மசூதியும் பெருமாள் கோயிலும் ஒரே கோட்டைக்குள். அவர் நம்பிக்கை ஆட்சியிலும் இறங்கியது. 1947-ன் ஆலய நுழைவுச் சட்டம், அதே ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டம் இரண்டிலும் சட்டத்துறை மட்டுமல்ல, சன்மார்க்கமும் இருக்கிறது.

மதுவிலக்கும் அப்படித்தான். காந்தியின் கொள்கை, காங்கிரஸின் வாக்குறுதி, ஓமந்தூரார் கண்டுபிடித்ததல்ல. ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கினார். கள்ளுக்கடை வருமானம் போகிற ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். நாட்டிலேயே அந்த வகையில் அதுதான் முதல் சட்டம். மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948 அக்டோபர் 2-ல், ஓமந்தூரார் ஆட்சியில். குடிகாரன் கொடுத்துவந்த பணத்தை இனி அரிசியும் துணியும் வாங்குகிற குடும்பம் முழுவதும் சேர்ந்து கொடுக்கட்டும் என்பதுதான் அதன் நிதிக் கணக்கு. அது நியாயமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. குடிக்காதவன் வீட்டிலும் அல்லவா அந்த வரி இறங்கியது? அறம் பேசியவர்கள் அந்தச் சுமை எந்தத் தோளுக்கு மாறியது என்பதையும் பேசியிருக்க வேண்டும். அவர் காலமாகி ஓராண்டு கழித்து, 1971 ஆகஸ்டில், கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது; அதற்கும் நிதி நிலைமைதான் காரணமாகச் சொல்லப்பட்டது. இப்போது டாஸ்மாக் காலம்; விற்பனை வரியின் வாரிசுகளும் இருக்கின்றன, சாராய வருமானமும் இருக்கிறது. இந்தக் கொள்கையை ஆதரிக்கவும் எதிர்க்கவும் ரூபாய், அணா, பைசாவில் காரணங்கள் கிடைக்கும். வள்ளலார் பக்தர் செய்தது என்பது அந்த இரண்டு பட்டியலிலும் சேராது.

வகுப்புவாரி உத்தரவும் அவர் ஆட்சியில் 1947-ல் திருத்தப்பட்டது. அரசு வேலையில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து 1. இங்கேயும் மதத்தைக் கேட்கத்தானே செய்தார்கள் என்று ஒருவர் மடக்கலாம். கேட்டார்கள். ஆனால் பங்கு கொடுப்பதற்காக மதத்தைக் கேட்பது வேறு, நம்பலாமா கூடாதா என்று தீர்மானிக்கக் கேட்பது வேறு. முதலாவது கதவைத் திறக்கிறது. நைனியப்பரிடம் கேட்கப்பட்டது இரண்டாவது.

அவரை 'தாடியில்லாத ராமசாமி' ஆக்கிய முக்கியமான விஷயம் அறநிலையங்கள். 1920-களில் நீதிக் கட்சி அரசு வாரியம் அமைத்துத் தொடங்கிய வேலையை, தனித் துறையும் ஆணையரும் கொண்ட ஏற்பாடாக மாற்றும் முயற்சி ஓமந்தூரார் காலத்தில் உருவெடுத்து, 1951-ல் சட்டமாயிற்று. மடாதிபதிகள் கொதித்தார்கள். உடுப்பியின் சீரூர் மடம் வழக்குத் தொடுத்தது. உடுப்பி அப்போது சென்னை மாகாணம். 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் பலரும் நினைவில் வைத்திருப்பது, ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்ற பகுதி. நிதிக்காரர்கள் படிக்க வேண்டிய பகுதி வேறு: மடங்களிடமும் கோயில்களிடமும் அரசு வாங்கிய ஆண்டுப் பங்களிப்பு, செய்த சேவைக்கான கட்டணமாக இல்லை, வரியாக இருக்கிறது, அதை விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதிகள் அந்தப் பிரிவை அடித்துவிட்டார்கள். பணம் வாங்குகிறாயா, அதற்கு என்ன செய்தாய் என்று காட்டு! பக்தரான பிரதமர் மடங்களிடம் கேட்ட கேள்வியை நீதிமன்றம் அரசிடமே திருப்பிக் கேட்டது. மடம், அரசு என்று இருபக்கமும் ஒரே கேள்வி பாய்ந்த அந்த இடம்தான் இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது.

1959-ன் சட்டத்தில் பங்களிப்பும் தணிக்கைக் கட்டணமும் தனித்தனியாக இருக்கின்றன. வருமானத்தில் 12 விழுக்காடு வரை பங்களிப்பு, 4 விழுக்காடு வரை தணிக்கைக் கட்டணம். அதோடு, முன்பு சொன்ன அந்த மத நிபந்தனையும் அதில் இருக்கிறது. அந்த நிபந்தனையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அறநிலையமும் வக்ஃபும் பொதுக் கருவூலம் அல்ல. ஒரு நம்பிக்கைக்காரர்கள் தம் சாமிக்கென்று எழுதிவைத்த நிலம், வயல், கடை வாடகை. அதை மேற்பார்க்கிறவர் தம்மவராக இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில் தவறில்லை. கோயிலுக்கு அந்த உரிமை இருக்குமானால் வக்ஃபுக்கும் இருக்கிறது. ஒன்றில் நிபந்தனையை வைத்துக்கொண்டு மற்றதில் எடுப்பதற்கு நேர்மையான காரணம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த நிபந்தனையைத் தணிக்கை என்று எண்ணிக்கொள்வதுதான் ஆபத்து. ஆணையர் திருநீறு பூசியிருப்பதால் குத்தகை பாக்கி வசூலாகிவிடாது. வாரியத்தில் தொழுகையாளிகள் மட்டுமே இருந்தாலும், வேற்று மதத்தார் இருவர் சேர்ந்தாலும், ஆக்கிரமிப்பில் போன வக்ஃப் மனை தானாகத் திரும்பிவராது. கோயில் நிலத்தைக் குறைந்த வாடகைக்கு அனுபவிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோயிலின் பக்தர்கள்தாம். வக்ஃப் சொத்தை விழுங்கியவர்களில் அதை நிர்வகிக்க வேண்டிய முத்தவல்லிகளும் இருந்திருக்கிறார்கள். சமுதாயத்தின் பணத்தைச் சமுதாயத்தான் தின்னமாட்டான் என்ற நம்பிக்கையை வைத்து எந்தச் சொத்தும் காப்பாற்றப்பட்டதாக நான் பார்க்கவில்லை.

அதனால் வேண்டியது மிகச் சாதாரணமான ஏற்பாடு. திண்டிவனம் திந்திரிணீசுவரர் கோயிலானாலும் ஊர்ப் பள்ளிவாசலின் வக்ஃப் மனையானாலும், எந்தச் சர்வே எண், யார் குத்தகைதாரர், எவ்வளவு வாடகை, எத்தனை ஆண்டு பாக்கி, சென்ற தணிக்கையில் எழுந்த ஆட்சேபம் என்ன, அதற்கு நிர்வாகம் தந்த பதில் என்ன என்பதை வாசலில் தமிழில் எழுதி ஒட்டட்டும். நைனியப்பர் வழக்கின் சாட்சிகளைப் போல, வாசிக்கத் தெரியாத காகிதத்தில் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஒட்டியதைப் படித்துவிட்டு இது பொய் என்று சொல்ல வருகிறவர் எந்த மதத்தவரானாலும் அவர் மனுவைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரியையும் விதியில் சேர்க்கட்டும். இப்போதுள்ள சட்டங்களில் 'அக்கறையுள்ள நபர்' யார் என்று கேட்டே பாதி மனுக்களைத் திருப்பி அனுப்பிவிட முடிகிறது.